சீமாட்டியின் ஷூவைப் பழக்கிய கால்கள்

நடந்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. தோவாளைக்குப் பக்கத்தில் ஒரு வயற்காட்டு ஊரில் பிறந்தேன். சென்னையில் காலணித் தொழில்நுட்பம் படித்தேன். மேற்படிப்புக்கு இங்கிலாந்து போனேன்.

2. அங்கே கையால் ஷூ செய்யும் ஒரு பழைய கடையில் வேலைக்குச் சேர்ந்தேன்.

3. அரச குடும்பத்துக்கு உறவான ஒரு வயதான சீமாட்டி அந்தக் கடையின் வாடிக்கையாளர். என் கால் அளவும் அவருடைய அளவும் ஒன்று. அதனால் என்னை அவருடைய வீட்டுக்கு உடைப் பணிப்பெண்ணாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

4. அவருக்கு வரும் புது ஷூக்களை முதலில் நான் போட்டு நடந்து பழக்கிக் கொடுத்தேன்.

5. அவருடைய இடது கால் கெட்டுக்கொண்டிருப்பதை, அவர் கழற்றிப் போட்ட ஷூவில் பார்த்தேன். சொல்ல வேண்டியவர்களிடம் சொன்னேன்.

6. அந்தக் காலை எடுத்துவிட்டார்கள்.

7. என் வேலை முடிந்தது. அங்கே அதற்கு ஓய்வு என்றுதான் பெயர் சொன்னார்கள். முப்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்று ஊருக்கு வந்தேன்.

இதை எழுத வைத்தவள் ஜெபா. இராஜாக்கமங்கலத்துப் பெண், ஓட்டல் நிர்வாகம் படித்தவள். பெரிய வீடுகளுக்கும் அரண்மனைகளுக்கும் பணிப்பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அனுப்புகிறோம் என்று நாகர்கோவிலில் ஓர் ஏஜென்சி புதிதாகத் தொடங்கியிருக்கிறார்கள். அதில் தேர்வாகிவிட்டு, என்னைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டு வீடு தேடி வந்தாள்.

"அக்கா, நீங்க அங்க ராணிய நேர்ல பாத்தியளா?"

"ராணி இல்ல மக்கா. ராணிக்குச் சொந்தக்காரவங்க."

"அப்போ அவ்வோளுக்கும் கிரீடம் உண்டுமா?"

"உண்டும். பெட்டிக்குள்ள இருக்கும். வெளிய எடுத்தா தொடைக்கணும்லா."

அவள் சிரித்தாள். பிறகு, "அங்க என்ன வேலைதான் செய்யணும்க்கா? தெளிவா ஒருத்தரும் சொல்ல மாட்டேங்காவ" என்றாள். அவளுக்கு வாயால் சொன்னது போதவில்லை. அதனால் எழுதுகிறேன்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நான் காலணிப் படிப்பில் சேர்ந்த அன்று சித்தப்பா வீட்டுக்கு வந்து கூடத்தில் நின்றுகொண்டே கேட்டார்: "ஏட்டி, நெல்லு வெளையுத வீட்டுல பொறந்துட்டு செருப்புக்குப் படிக்கப் போறியாக்கும்?" அப்பா சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "அவ படிச்சிட்டு வரட்டுலே. ஒனக்கும் ஒரு சோடி தைச்சித் தருவா. ஒன் காலுக்கு இதுவரைக்கும் எந்தக் கடையிலயும் அளவு கிடைக்கலியே" என்றார். சித்தப்பாவின் பாதம் உண்மையிலேயே அகலமானது.

இங்கிலாந்துக் கடையில் கற்றுக்கொண்டதில் ஒன்றைச் சொன்னால் போதும். கையால் ஷூ செய்யும் இடத்தில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அவர் பாதத்தின் வடிவில் மரத்தில் ஓர் அச்சு செதுக்கி வைப்பார்கள். தோலை அதன் மேல் இழுத்துப் பூட்டித்தான் ஷூ உருவாகும். வாடிக்கையாளர் நேரில் வர வேண்டியதில்லை. அச்சு இருந்தால் போதும். அந்தச் சீமாட்டியின் அச்சு, அவருக்கு நடுத்தர வயது இருக்கும்போது செதுக்கியது. அதை முதன்முதலாகக் கையில் எடுத்தபோது விளையாட்டாக என் காலோடு வைத்துப் பார்த்தேன். என் காலையே அளந்து செய்தது போல இருந்தது. கடைக்காரர் அதைப் பார்த்தார். அடுத்த மாதம் நான் சீமாட்டியின் வீட்டில் இருந்தேன்.

பெரிய அரண்மனை வளாகம் ஒன்றின் பக்கவாட்டில் அவருக்கு ஒதுக்கியிருந்த வீடு அது. அங்கே பணியில் இருப்பவர்களில் பல தட்டுகள். உயர்குடியில் பிறந்து, விழாக்களுக்கு உடன் போய்ப் பூங்கொத்தைக் கையில் வாங்கிக்கொள்ளும் தோழிகள் ஒரு தட்டு. செயலாளர், சமையல்காரர், கதவருகே நிற்பவர் இன்னொரு தட்டு. இவர்கள் யாரோடும் சேராமல் தனியாக இருப்பது உடைப் பணிப்பெண்கள். சீமாட்டி அம்மையார் எழுந்ததிலிருந்து படுக்கும் வரை அவர் உடம்பில் படும் எதுவும் எங்கள் கை வழியாகத்தான் போகும்.

எங்கள் பிரிவில் இரண்டே பேர். தலைமைப் பணிப்பெண் மிஸ் பெல், அவருக்குக் கீழே நான். அந்த வீட்டு வழக்கப்படி எங்களைக் குடும்பப் பெயரால்தான் கூப்பிடுவார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? என் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர் தாணுமாலயன் என்று இருந்தது. அது அவர்கள் வாயில் முழுதாக நுழையவில்லை. தாணு என்று சுருக்கினார்கள். அப்பாவை ஊரில் எல்லாரும் கூப்பிடுவதும் அப்படித்தான். போனில் சொன்னபோது அப்பா ரொம்ப நேரம் சிரித்தார். "அப்போ சீமையில அந்தச் செருப்பப் போட்டு நடக்கது நானாக்கும்" என்றார்.

மிஸ் பெல் மெலிந்த, உயரமான பெண். இருபது வயதில் அந்த வீட்டுக்கு வந்தவர், வேறெங்கும் போகவில்லை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால், ஏற்கெனவே நேராக இருக்கும் ஒரு பொருளை எடுத்து மறுபடி நேராக வைப்பார். அவ்வளவுதான். என்னைச் சேர்த்த முதல் வாரத்தில் அவர் ஒரு கதை சொன்னார். பழைய காலத்தில் இங்கிலாந்து அரசர் மலம் கழிக்கப் போகும்போது கூடப் போய் உதவ ஒரு பிரபு இருப்பாராம். அருவருப்பான வேலை என்று யாரும் ஒதுங்கவில்லை, அதற்குப் போட்டி போட்டார்கள், ஏனென்றால் அரசரிடம் தனியாகப் பேச முடிந்தவர் அவர் ஒருவர்தான் என்றார். "உடம்புக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறோமோ அவ்வளவு உயரத்தில் இருக்கிறோம், தாணு. அந்த உயரத்துக்கு நாம் கொடுக்கும் விலை, வாய் திறக்காமல் இருப்பது." எனக்குச் சித்தப்பா கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. காலைத் தொடும் வேலைக்கு எங்கள் ஊரில் ஒரு மதிப்பு, இங்கே ஒரு மதிப்பு.

இனி வேலை.

புது ஷூ கடிக்கும். எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அம்மையாருக்குக் கடிக்கக் கூடாது. அவர் ஒரு விழாவுக்குப் போனால் முழுநேரமும் நிற்க வேண்டும், வரிசையில் கைகுலுக்கிக்கொண்டு போக வேண்டும், முகம் மாறக் கூடாது. எனவே அந்தக் கடியை நான் முதலில் வாங்கிக்கொள்வேன். அவர் அணியும் அதே மெல்லிய காலுறையை நானும் அணிந்து, பின்பக்க நடைக்கூடத்தில் கம்பளத்தின் மேல் மட்டும் நடப்பேன். வெளித்தரையில் அந்த ஷூ படக் கூடாது. அடித்தோல் தேய்ந்திருந்தால், யாரோ போட்டது என்று தெரிந்துவிடும். முன்பாதம் மடங்கும் இடம் இளகுவதற்காகப் படி ஏறி இறங்குவேன். ஷூ காலில் இருக்கும்போது சாப்பிடுவதில்லை, கால் மேல் கால் போடுவதில்லை. குதிகால், சுண்டுவிரல், மேற்பாதம், பெருவிரலின் அடிமுட்டு ஆகிய நான்கு இடங்களையும் கவனிப்பேன். நான்கும் அடங்கிய பிறகு ஷூவை மிஸ் பெல்லிடம் கொண்டுபோவேன்.

"சரி?" என்று கேட்பார்.

அதற்கு இரண்டு பதில்கள்தான் உண்டு. "தயார், மிஸ் பெல்." அல்லது "இன்னும் இல்லை, மிஸ் பெல்." தொடக்கத்தில் ஒருமுறை, சுண்டுவிரல் பக்கம் இறுக்கமாக இருக்கிறது என்று விளக்கப் போனேன். மேஜையில் இருந்த தூரிகையை எடுத்து நேராக வைத்தார். "எங்கே என்று யாரும் கேட்கவில்லை, தாணு."

நான் பழக்கிய ஷூவை அம்மையாருக்கு மாட்டிவிடுவது மிஸ் பெல். காலுறை போடுவதும் அவர்தான். அதற்கு முன் அறைக் கதவைச் சாத்திவிடுவார். அம்மையாரின் வெறும் காலை நான் பார்த்ததே இல்லை. பார்த்தது எல்லாம் மாலையில் திரும்பி வரும் ஷூவை மட்டும். அதைத் துடைத்து, வடிவம் குலையாமலிருக்க உள்ளே மரக்கட்டை பொருத்தி, அலமாரியில் வைப்பது என் பொறுப்பு.

ஷூ படிக்கத் தெரிந்தவளுக்கு அது போதும். நான் சேர்ந்து சில ஆண்டுகள் கழித்து, இடது ஷூவில் மட்டும் சில மாற்றங்கள் தெரியத் தொடங்கின. முதலில், உள்பக்கத் தோல் பாதக்குழிவுக்கு நேராக வெளியே புடைத்தது. பிறகு அடித்தோல் தேயும் இடம் குதியை விட்டு நடுப்பகுதிக்கு நகர்ந்தது. ஷூவின் நடுப்பகுதி யாருக்கும் தரையில் படவே கூடாது. உள்ளே ஷூவுக்கு முதுகெலும்பு போல வைக்கும் எஃகுப் பட்டை வளைந்திருந்தது. அம்மையார் ஒல்லியானவர், அதை வளைக்கும் எடை அவரிடம் கிடையாது. பாதத்தின் வளைவு உள்ளுக்குள் இடிந்து உட்கார்ந்தால்தான் அப்படி ஆகும். அவருக்கு நீண்ட நாளாகச் சர்க்கரை நோய் உண்டு என்று சமையலறையில் எல்லாருக்கும் தெரியும். காலில் உணர்ச்சி போன சர்க்கரை நோயாளிகள் எலும்பு முறிந்தாலும் தெரியாமல் நடப்பார்கள் என்று படிப்பில் ஒரு முழுப் பாடம் இருந்தது.

மிஸ் பெல்லிடம் போனேன். காலை மறுபடி அளந்து புது அச்சு செதுக்க வேண்டும் என்றேன்.

"உன் காலுக்கு எப்படி இருக்கிறது?"

"எனக்கு நன்றாக இருக்கிறது. பிரச்சினையே அதுதான். அச்சு என் காலுக்குப் பொருந்துகிறது. அவருடைய கால் மாறிவிட்டது."

"மேடம் ஒன்றும் சொல்லவில்லையே."

"அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்."

மிஸ் பெல் ஜன்னல் திரையை நேராக இழுத்துவிட்டார். "தன் கால் எப்படி இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது என்கிறாயா?"

ஆமாம் என்றேன். அவர் வெளியே போனார். பழைய கடையில் கேட்டேன். வீட்டிலிருந்து உத்தரவு வராமல் அச்சைத் தொட மாட்டோம் என்றார்கள்.

சில வாரங்கள் கழித்து இடது ஷூவின் உள்தோலில், அந்தப் புடைப்புக்குக் கீழே, சிறிய ஈரக் கறை இருந்தது. அதன் மேல் லாவெண்டர் பொடி தூவியிருந்தது. நான் தூவவில்லை. அப்படியென்றால் மிஸ் பெல்லுக்குத் தெரியும். கறையைக் காட்டினேன். இந்த முறை அவர் எதையும் நேராக வைக்கவில்லை. "கட்டுப்போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியட்டும்" என்றார்.

அந்த ஞாயிறு, இறந்துபோன கணவருக்காக ஆண்டுதோறும் தேவாலயத்தில் நடக்கும் நினைவு ஆராதனை. வாசலிலிருந்து முன்வரிசை வரை அம்மையார் யார் கையையும் பிடிக்காமல் தனியாக நடந்து போவது வழக்கம். அதற்கென்று புதுக் கறுப்பு ஷூ வந்திருந்தது. நான் பழக்கிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரத்தில் ஒருநாள் மிஸ் பெல்லுக்குக் காய்ச்சல். ஷூவைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று அம்மையார் என்னைக் கூப்பிட்டனுப்பினார். காலுறை ஏற்கெனவே போட்டிருந்தது. மண்டியிட்டு இடது பாதத்தைக் கையில் ஏந்தினேன். காலுறைக்கு மேலேயே சூடு தெரிந்தது. வலது பாதம் குளிர்ந்திருந்தது.

அவர் பேசாமல் நாங்கள் பேசக் கூடாது. நான் பேசினேன்.

"வலிக்கிறதா மேடம்?"

கேள்வி புரியாதவர் போல என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. உண்மையிலேயே வியப்புதான்.

"அதை நீதானே சொல்ல வேண்டும், தாணு? உனக்கு எப்படி இருக்கிறது?"

"எனக்கு நன்றாக இருக்கிறது மேடம்."

"அப்படியானால் நன்றாக இருக்கிறது."

"மேடம், இது என் கால் இல்லை. உங்கள் கால் சூடாக இருக்கிறது. உள்ளே புண் இருக்கிறது. டாக்டர் இன்றைக்கே பார்க்க வேண்டும்."

அவர் கொஞ்ச நேரம் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார், வேறு யாருடையதோ போல. "ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு" என்றார். பிறகு, "நீ நன்றாகப் பழக்குகிறாய். முன்பு இருந்த பெண்ணுக்குக் கொஞ்சம் கனத்த நடை" என்றார்.

மறுநாள் வழக்கமான ரத்த அழுத்தப் பரிசோதனைக்கு வீட்டு மருத்துவர் வந்தார். மிஸ் பெல் எழுந்துவிட்டிருந்தார். நான் துணிகளை மடித்துக்கொண்டு அறையிலேயே இருந்தேன். கால்களில் ஏதாவது தொந்தரவு உண்டா என்று மருத்துவர் கேட்டார். அம்மையார் மிஸ் பெல்லைப் பார்த்தார். மிஸ் பெல், "ஷூக்களைப் பழக்கிவிட்டோம். குறை எதுவும் இல்லை" என்றார். மருத்துவர் தலையசைத்தார். காலுறையைக் கழற்றச் சொல்ல அவரால் முடியும். அந்த வீட்டில் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

"டாக்டர், இடது பாதத்தைப் பாருங்கள்" என்றேன்.

"நன்றி, தாணு" என்றார் மிஸ் பெல். வெளியே போ என்பதற்கு அங்கே அதுதான் சொல். நான் வெளியே வந்து நடைக்கூடத்தில் நின்றேன். மருத்துவர் போகும்போது என்னைப் பார்த்து, "அடுத்த வாரம் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மையார் தனியாக நடந்து போனார். பின்வரிசையிலிருந்து பார்த்தேன். நடையில் ஒரு தடுமாற்றமும் இல்லை. அந்த எலும்புகளோடு யாராலும் அப்படி நடக்க முடியாது. வலி தெரியாததால் அவரால் முடிந்தது. மக்கள் கண்ணீர் விட்டார்கள். நானும் விட்டேன், வேறு காரணத்துக்காக.

அடுத்த வாரம் மருத்துவர் பார்த்தபோது புண் எலும்பு வரை போயிருந்தது. முதலில் விரல்கள் என்றார்கள். பிறகு பாதம். கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

அவர் மருத்துவமனையில் இருக்கும்போது, முன்பே சொல்லி வைத்திருந்த இன்னொரு ஜோடி ஷூ கடையிலிருந்து வந்தது. இளம் சாம்பல் நிறம், பழைய அச்சில் செய்தது. பெட்டியை மேஜை மேல் வைத்துவிட்டு என்ன செய்வது என்று மிஸ் பெல்லைக் கேட்டேன்.

"பழக்கு."

"வலதை மட்டுமா?"

"அவருடைய ஷூக்கள் ஜோடியாகத்தான் இருக்கும்."

இரண்டையும் போட்டுக்கொண்டு நடைக்கூடத்தில் நடந்தேன். மிஸ் பெல் கடைசியில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உட்கார்ந்து நான் அன்றுதான் பார்த்தேன். நான் நான்காவது முறை திரும்பியபோது, "பார்க்காதே என்று அவர் என்னிடம் சொல்லியிருந்தார்" என்றார். "காலுறை போடும்போதும் கட்டுப்போடும்போதும் நான் கண்ணை மூடிக்கொள்வேன். கையால் மட்டும்." ஷூ தயார் ஆனதும் கொண்டுபோய்க் கொடுத்தேன். "சரி?" என்றார். "தயார், மிஸ் பெல்" என்றேன். வேறு பதில் அங்கே இல்லை.

அம்மையார் திரும்பி வந்த பிறகு நிற்கும் விழாக்கள் எதுவும் இல்லை. செயலாளர் என்னைக் கூப்பிட்டு அன்பாகத்தான் பேசினார். பணிக்கு நன்றி சொன்னார். அந்த வீட்டின் பெயரையோ அம்மையாரின் பெயரையோ எங்கேயும் சொல்ல மாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார். இங்கேயும் சொல்லவில்லை.

ஊருக்கு வந்த முதல் நாள், கிணற்றடியில் கால் கழுவும்போது அம்மா பார்த்தாள். "இதென்னட்டி காலு இப்படி இருக்கு? வெரலெல்லாம் ஒண்ணுக்குமேல ஒண்ணு ஏறிக் கெடக்கு." இத்தனை ஆண்டுகள் ஒரு சீமாட்டியின் நடுத்தர வயதுப் பாதத்துக்குள் நடந்ததில் என் கால் அந்த அச்சாகவே ஆகிவிட்டது. சுசீந்திரம் கோவிலில் வெறுங்காலோடு பிரகாரம் சுற்ற முடியவில்லை. பாதியில் உட்கார்ந்துவிடுகிறேன். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் உள்ள ஷூ கம்பெனிகளுக்கு வேலை கேட்டு எழுதினேன். இத்தனை ஆண்டு எங்கே வேலை பார்த்தீர்கள் என்று கேட்கிறார்கள். அதைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

ஜெபா போன வாரம் மறுபடி வந்தாள். "அக்கா, ஏஜென்சிக்காரரு செருப்பு சைஸ் என்னன்னு கேட்டாரு. எதுக்கா இருக்கும்?"

எதற்கு என்று சொன்னேன்.

"சும்மா நடந்தா சம்பளமா? கொள்ளாமே, நல்ல வேலதான்" என்று சிரித்தாள். என் காலைக் காட்டினேன். சிரிப்பை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தாள். "போவாண்டாம்னு சொல்லுதியளா?"

"போகாதேன்னு சொல்லல மக்கா. அவங்க ஒன் காலு எப்படி இருக்குன்னு கேப்பாங்க. ஒன் கால வெச்சு அவங்க காலுக்குப் பதில் சொல்லாத. அவங்க காலக் கண்ணால பாத்துட்டுச் சொல்லு."

"பாக்க விடலேன்னா?"

இன்றைய நிலை இது. அம்மையாருக்கு ஒரு கால் இருக்கிறது. அவர் வெளியே வருவதில்லை. மிஸ் பெல் இன்னும் அவரோடுதான் இருக்கிறார். சாம்பல் நிற ஷூ ஜோடி அலமாரியில் இருக்கும். எனக்கு வேலை இல்லை. ஜெபாவுக்கு விசா வந்துவிட்டது, அடுத்த மாதம் போகிறாள்.